இயங்கவில்லை என்றொரு அட்டை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்துத் திட்டினால் எனக்கு அசிங்கம். இது நானாக யோசித்துப் பிடித்ததில்லை. டென்மார்க்கில், யூட்லாந்துப் பகுதியின் ஒரு மூலையில், பழைய குதிரைப்படை லாயத்தில் நடக்கும் ராணுவ அருங்காட்சியகத்தில் எனக்கு டிக்கெட் கவுண்டர் வேலை. ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெண் நான்கு நிமிடத்தில் என்னிடம் கொட்டிவிட்டுப் போனது இதில் பாதி. உள்ளே ஹாலில் நடந்ததை, ஹாலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ப்ரேபென் எனக்குச் சொன்னது கால்வாசி. மீதிக் கால்வாசி நான் செய்த கோளாறு. அவள் மனதுக்குள் ஓடியது என்று நான் எழுதும் இடமெல்லாம் என் கைச்சரக்கு, அதற்கு அவள் பொறுப்பில்லை.

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முட்டிக்கொண்டேன்.

"அன்று மழை பெய்து—" வேண்டாம். இந்த ஊரில் மழையை எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

"போர் முடிந்த பிறகும் சில வீடுகளில் அது—" இந்த வாக்கியத்தை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.

"ரிக்கே கவுண்டருக்கு ஓடி வந்தாள்." இது இருக்கட்டும். ஓடித்தான் வந்தாள்.

2

ரிக்கே கவுண்டருக்கு ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"கடைசி ஹால்ல ஒரு கவச வண்டி இருக்கில்ல? உள்ள உக்காந்து பொத்தான அமுக்கினா, அடியில குண்டு வெடிக்கிற மாதிரி சத்தம் வருமே, அது?"

"ஆமா. பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

"அத இன்னிக்கு நிறுத்தி வைக்க முடியுமா? ஒரு ரெண்டு மணி நேரம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் கண்ணாடிக் கதவு வழியாக வாகன நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உயரமான ஒருவன் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, ஒரு சிறுமியின் மழைக்கோட்டில் காகிதக் கொடி ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தான். இங்கே அந்தக் கொடிதான் பிறந்தநாள் அடையாளம், பிறந்தநாள் பிள்ளை என்று எனக்குப் புரிந்தது.

"என் வீட்டுக்காரர் ஆப்கானிஸ்தான் போர்ல, ஹெல்மண்ட்ல அந்த மாதிரி வண்டிதான் ஓட்டினார்," என்றாள். "வண்டிக்கு அடியில வெடிச்சுது. பின்னாடி உக்காந்திருந்த ரெண்டு பேர் போயிட்டாங்க. ரெண்டு வருஷம் முன்ன புத்தாண்டு ராத்திரி வெடி போட்டப்ப, குளியலறைத் தரையில விடியிற வரைக்கும் படுத்துக் கெடந்தார். அப்பாவுக்கு வயித்து வலின்னு மகக்கிட்ட சொல்லி வச்சேன்."

"அப்ப ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நானா கூட்டிட்டு வந்தேன்? மக கேட்டா. பொறந்தநாளைக்கு எங்க போலாம்னு அவதானே முடிவு பண்ணணும். அப்பா ஓட்டின வண்டியப் பாக்கணுமாம். அவரும் உடனே சரின்னுட்டார்."

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் போனை எடுத்து ப்ரேபெனிடம் சொல்லியிருப்பேன். அவள் கையை நீட்டி என் மேஜைப் போனைப் பொத்திப் பிடித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியவே கூடாது."

அப்புறம்தான் கணவன் போட்டிருந்த நிபந்தனையைச் சொன்னாள்.*

* இங்கே கதையை நிறுத்தித் தகவல் சொல்வது அழகில்லை, தெரியும். ஆனால் இது தெரியாமல் நீங்கள் மேலே போனால் ஒன்றும் விளங்காது. ரிக்கே கணவனுக்கு முன்னால் போய்ப் போய் பாதையைக் கூட்டி வைப்பவள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வெடி வேண்டாம் என்று அவனுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டாள். போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு, இங்குள்ள வழக்கப்படி பெண் உருவக் கேக் செய்யாமல் வெறும் சதுரக் கேக் வாங்கினாள். பெண் உருவம் என்றால் கழுத்தை வெட்டும்போது பிள்ளைகள் வீரிட்டுக் கத்துவார்களே, அதனால். கடைசியாக அவனுடைய மேலாளருக்கே போன் போட்டு, அவனை இரைச்சல் இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொன்னாள். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவன் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தான். வரும்போது ஒன்றே ஒன்று கேட்டான். "எனக்குத் தெரியாம எனக்காக எதையும் ஏற்பாடு பண்ணாத. இன்னொரு தடவ பண்ணேன்னா நான் திரும்பி வர மாட்டேன், ரிக்கே." அவள் தலையாட்டினாள். தலையாட்டி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

ஆக, அவள் என் முன்னால் நின்று கேட்டது ஒரு பொத்தானைப் பற்றி மட்டுமில்லை.

"சரி," என்றேன். "நிறுத்திடுறேன்."

3

ரிக்கேயின் கணவன் யெப்பேயை எழுதுவதில்தான் எனக்குத் திண்டாட்டம்.

முதல் வரைவில் அவனுக்குக் கை நடுங்கியது. கண்ணுக்குக் கீழே கருவளையம். டிக்கெட் வாங்கும்போது கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எழுதி முடித்துப் படித்தால், போரிலிருந்து வந்தவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று நான் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்த ஆள் அவன். ரிக்கேயும் அதைத்தானே செய்தாள்? அடித்துவிட்டேன்.

(என்னைப் பற்றியும் ஒரு பத்தி இங்கே இருந்தது. எனக்கும் சில சத்தங்கள் தெரியும். அதையும் எடுத்துவிட்டேன். இது என் கதை இல்லை.)

நிஜத்தில் வந்து நின்றவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பெரியவங்க, ஒரு மகாராணி. மகாராணிக்கு இன்னிக்கு ஒம்போது வயசு. அவங்ககிட்டயும் காசு வாங்குவீங்களா?"

"அப்பா, சும்மா இரு," என்றாள் அல்மா. காது சிவந்துவிட்டது.

முன்னாள் வீரர்களுக்கு அனுமதி இலவசம் என்று கவுண்டரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அவன் அதைப் படித்தான், படித்ததை நான் பார்த்தேன். முழுப் பணத்தையும் கொடுத்தான். ரிக்கே அவன் பின்னால் நின்று, பழக்கமில்லாதவள்போல என்னைப் பார்த்து "வணக்கம்" என்றாள். அவள் அவ்வளவு நன்றாக நடித்தது எனக்கு என்னவோ செய்தது.

அவர்கள் பீரங்கிக் கூடத்துக்குள் போனதும் நான் பின்வழியாக ஓடினேன். கடைசி ஹாலில், வண்டிக்குப் பின்னாலிருந்த மின்பெட்டியைத் திறந்து விசையை இறக்கினேன். "இயங்கவில்லை" என்று அட்டையில் எழுதி வண்டிக் கதவில் மாட்டினேன். ப்ரேபென் அப்போது காபி குடிக்கப் போயிருந்தார். சொல்லாதீர்கள் என்றாளே, சொல்லவில்லை.

4

எங்கள் அருங்காட்சியகத்தில் ஏழு கூடங்கள். ரிக்கே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனாள் என்று எழுதுகிறேன். வாள்கள் இருந்த கூடத்தில் அவள் யெப்பேயின் பிடரியைப் பார்த்தாள். பதுங்குகுழிக் கூடத்தில் அவன் மூச்சைக் கேட்டாள். அல்மா ஒவ்வொரு பொம்மை வீரனின் காலணியையும் தொட்டுப் பார்த்து, "இதெல்லாம் ஏன் ஒரே சைஸ்ல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஐந்தாவது கூடத்துக்குப் பக்கத்தில் கட்டுச்சோறு சாப்பிடும் அறை. கறுப்பு ரை ரொட்டியும், அதில் தடவ ஈரல் பசையும். ரிக்கே பிரித்து வைத்தாள், ஒரு வாய் எடுக்கவில்லை.

"சாப்பிடலையா?" என்றான் யெப்பே.

"பசிக்கல."

"என்னப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படிப் பசிக்கும்?"

"நான் ஒண்ணும் பாக்கல."

"பாக்கிற. காலையிலேருந்து பாக்கிற." குரலைத் தாழ்த்தினான். "ரிக்கே, அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். டாக்டரம்மா ஆறு வாரமா எனக்கு அந்தச் சத்தத்தத்தான் போட்டுக் காட்டினாங்க. மொதல்ல மெதுவா, அப்புறம் முழுசா. நான் தயாராத்தான் வந்திருக்கேன். என் மகளோட அந்த வண்டியில உக்காரணும். அவ்வளவுதான்."

ஆறு வாரம். ரிக்கேக்கு இது தெரியாது. அவனும் அவளிடம் சொல்லாமல் ஏதோ ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறான்.

இந்த இடத்தில் அவளை எழுந்து போகவைத்து, என்னிடம் வந்து "விசையைப் போட்டுடுங்க" என்று சொல்லவைக்க ஆசையாக இருந்தது. எழுதியும் பார்த்தேன்.

"ரிக்கே கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து, கவுண்டரை நோக்கி—"

போகவில்லை. எழுந்தால் அவன் கவனிப்பான் என்று பயந்தாள். ரொட்டியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினாள்.

5

இனி ப்ரேபென். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற சார்ஜென்ட், சம்பளம் வாங்காமல் வாரக்கடைசியில் ஹாலைப் பார்த்துக்கொள்கிறார். அவரை வில்லனாக்கினால் எனக்கு வசதி. ஆனால் அவரைப்போல நல்ல மனுஷன் கிடைப்பது கஷ்டம்.

ஆறாவது கூடத்தில் அவர் அல்மாவின் கோட்டிலிருந்த கொடியைப் பார்த்துவிட்டார்.

"அம்மாடி, யாருக்குப் பொறந்தநாள்?"

"எனக்கு. அப்பா ஓட்டின வண்டியப் பாக்க வந்திருக்கோம்."

பிறந்தநாள் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் இந்த நாட்டில் யாருக்கும் கிடையாது. பேருந்து ஓட்டுநர்கூடக் கொடியைப் பார்த்தால் ஒலிபெருக்கியில் வாழ்த்துவார். ப்ரேபென் அவர்களுக்கு முன்னால் விறுவிறுவென்று கடைசி ஹாலுக்குப் போனார். வண்டிக் கதவில் அட்டை தொங்கியது. "அட, இன்னிக்குன்னு பாத்தா?" என்று மின்பெட்டியைத் திறந்தார். விசை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஏற்றினார். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குழந்தைக்கு ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம் அவருக்கு.

நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

6

வண்டிக்குள் இரண்டு பேர்தான் உட்காரலாம். யெப்பே குனிந்து உள்ளே போனான், அல்மா அவன் பக்கத்தில். ரிக்கே வெளியே நின்றாள். அது ஓடாது என்று அவளுக்குத் தெரியும். ஏழு கூடத்தில் முதல் தடவையாகத் தோளைத் தளர்த்தினாள்.

முடிவு ஒன்று: சத்தம் வருகிறது, யெப்பே தரையில் சுருண்டு விழுகிறான், மகள் பார்க்கிறாள். நீங்கள் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும்தான்.

முடிவு இரண்டு: அல்மாவுக்குப் பயம் வந்து பொத்தானை அமுக்காமல் இறங்கிவிடுகிறாள். இது கோழைத்தனம். அவளுடையதில்லை, என்னுடையது.

நடந்தது இது. அல்மா அமுக்கினாள். இன்ஜின் உறுமியது. வானொலியில் யாரோ பேசினார்கள். பிறகு வெடித்தது. ஹாலின் கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன.

யெப்பே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நீளமாக மூச்சை விட்டான். நெற்றி முழுக்க வேர்வை. "நிஜமா இப்படித்தான் கேக்குமா, அப்பா?" என்றாள் அல்மா. "இல்ல," என்றான். "நிஜத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல." முதல் தடவையாக அவளிடம் அதைச் சொல்கிறான். குரல் உடையவில்லை.

உடைந்தது வெளியே. ரிக்கே காதைப் பொத்திக்கொண்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது.

"ஓடாதுன்னு சொன்னாங்களே! ஓடாதுன்னாங்களே!"

யெப்பே வண்டியிலிருந்து தலையை நீட்டினான். அவன் முகம் அப்போதுதான் வெளுத்தது என்றார் ப்ரேபென்.

"யார் சொன்னாங்க?" என்று கேட்டான்.

7

கவுண்டருக்கு அவன் தனியாக வந்தான். பத்தடி தள்ளி, கோட்டு மாட்டும் இடத்தில் ரிக்கே மகளின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஜிப் ஏற்கெனவே மேலேறிவிட்டது. கை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றான். சத்தம் போடவில்லை. "அந்த வண்டிய நிறுத்தி வைக்கச் சொல்லி என் மனைவி உங்ககிட்ட கேட்டாளா?"

வாசகரே, இதுவரை நான் உங்களிடம் எத்தனை வாக்கியங்களை அடித்துக் காட்டினேன். இந்த ஒன்றைத் திருத்த எனக்கு வழியில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"இல்லீங்களே. அது காலையிலேருந்தே மக்கர். நான்தான் அட்டைய மாட்டினேன். அந்தம்மா உள்ள போறப்ப நான் சொல்லியிருப்பேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு அவன் தோள் இறங்கியது. சிரித்தான், அழுகை போல இருந்தது. திரும்பி, ரிக்கேயிடம் நடந்துபோய், எனக்கும் அல்மாவுக்கும் கேட்கும்படியே சொன்னான்.

"மன்னிச்சுடு ரிக்கே. நான் உன்னச் சந்தேகப்பட்டுட்டேன்."

இதை எத்தனை விதமாக எழுதினேன் தெரியுமா? ஒன்றில் அவள் "பரவால்ல" என்றாள். வீட்டுக்குப் போய்க் கேக் வெட்டினார்கள், அவன் அன்று முழுக்க அவளிடம் அத்தனை அன்பாக இருந்தான், அவளால் ஒரு துண்டு விழுங்க முடியவில்லை. இன்னொன்றில் அவள் உண்மையைச் சொன்னாள். மகளின் பிறந்தநாளன்று அவன் மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனான். மூன்றாவதில் அவள் சொன்னாள், அவன் போகவில்லை. அந்த வரைவை நான் நம்பவில்லை. நம்ப ஆசை.

நடந்ததைச் சொல்கிறேன். ரிக்கே நிமிர்ந்து முதலில் என்னைப் பார்த்தாள். நன்றி என்று நினைத்தேன். இல்லை. அவள் செய்ததையே நானும் அவனுக்குச் செய்துவிட்டேன் என்று தெரிந்தவளின் பார்வை அது. பிறகு அவனைப் பார்த்து, "யெப்பே," என்றாள்.

அப்போது என் மேஜையில் போன் அடித்தது. அடிக்கவிட்டிருக்கலாம். நான் எடுத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு, திங்கட்கிழமை விடுமுறையா என்று கேட்ட யாரோ ஒருவருக்கு, தேவைக்கு மேல் விளக்கமாகப் பதில் சொன்னேன். திரும்பியபோது கதவு மூடிக்கொண்டிருந்தது.

அதனால் என்னிடம் அந்த ஒரு பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதினால் அவளுக்காக மறுபடியும் நானே ஏற்பாடு செய்ததாகிவிடும். பேனாவை வைத்துவிட்டேன். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிற்கிறான், மகள் இருவரையும் அண்ணாந்து பார்க்கிறாள். ரிக்கேக்கு உங்களைத் தெரியாது. நீங்களாவது என்னைப்போல முதுகைத் திருப்பிக்கொள்ளாமல், அவள் சொல்லப்போவதை நின்று கேளுங்கள்.