நுரைக் கையில் நின்ற கத்தி

மழை ஓய்ந்த மறுநாட் காலையில், முகிற்கூட்டத்தை விலக்கிக் கதிரவன் மெல்ல எட்டிப்பார்க்க, இரு கரையும் ததும்பச் செந்நிறம் பூண்டு பெருகிய ஆறு நகரை இரண்டாகப் பகுத்து ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின்மேல் வண்டிகள் நெருங்கி ஊர்ந்தன. கூரை விளிம்பில் எஞ்சிய துளிகளோ, வழிப்போவார் பிடரியைக் குறிபார்த்து விழுந்து குறும்பு செய்தன. ஈரம் உலராத அக்கடைத்தெருவின் கோடியில், நற்றமிழ் நயக்கும் நண்பரே, கத்தி விற்கும் சிறுகடை ஒன்று உண்டு. அதன் உரிமையாளரை ஊரார் நுரைக்காரர் என்றே அழைப்பர். வாங்க வருவோர் எவராயினும், தூணோடு தம் இடுப்பைக் கயிற்றாற் பிணித்து, வழலை எனும் சோப்பின் நுரையிற் கையை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு கத்தியை உருவிக் கயிற்றை அறுத்துக் காட்டினாலன்றி, தலைகீழாய் நின்றாலும் அவர் கத்தியைத் தரமாட்டார்.

அன்று அங்கு வந்தோர் இருவர்: தையற்காரன் ஒருவனும், அவனை மணந்து ஓராண்டும் நிறையாத அவன் மனைவியும். நீச்சலில் மீனுக்கே பாடம் சொல்லவல்ல அவள், வெள்ளத்திற் சிக்கியோரை மீட்கும் படகில் அன்று மாலையே பணியேற வேண்டியவள்; அப்பணிக்கு இடையிற் செருகும் கத்தி ஒன்று வாங்கவே இருவரும் வந்தனர். அவனோ முழங்கால் நீரிலும் மூச்சுமுட்டும் பெருவீரன்! போகாதே என்று அவன் தடுக்கவில்லை; போ என்று வாய்திறக்கவும் இல்லை. எப்படியும் போகத்தான் போகிறாள். ஆயினும் அவன் முகம் மலராமற் படகேறுவது அவளுக்கு உப்பில்லாச் சோறாய் இருந்தது.

கத்தி பெரிதானால் ஆறு சிறிதாகிவிடும் என்று எண்ணினானோ என்னவோ, முழங்கை நீளமும், முதுகில் அரம்பப் பற்களும், ஊசி முனையும், கண்ணாடிபோல் மெருகேற்றிய கொம்புப் பிடியும் கொண்ட ஒன்றை அவன் தூக்கிப் பிடித்தான்.

"இந்தா பாரு, இதுதான் கத்தி! ஆறே பயந்து ஒதுங்கும்."

"ஆத்தையா வெட்டப் போறேன்? கயித்தைத்தாங்க வெட்டணும்" என்று நகைத்து, ஒரு சாணும் நிரம்பாத மொட்டைமுனைக் கத்தியை அவள் எடுத்தாள்.

"ஐயே! இதுக்கு நுனியே இல்ல. வெண்ணெய் தடவலாம்."

"வலையில சிக்கினவங்க தண்ணிக்குள்ள துடிப்பாங்க. நுனி கூரா இருந்தா, காப்பாத்தப் போன நானே குத்திடுவேன்."

"அப்போ மடக்குக்கத்தி போதாதா?"

"விறைச்ச விரலால அதை எப்போ திறக்கிறது, எப்போ அறுக்கிறது?"

பிடியின் அடிவரை எஃகு ஓடுகிறதா, விரல் வழுக்காதவாறு தடுப்பு உண்டா, ஈரக்கயிற்றைக் கவ்வுமாறு அலகின் ஒரு பாதியிற் பல் வெட்டியிருக்கிறதா என்றெல்லாம் அவள் ஆய்ந்தாள்; உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியும் பார்த்தாள்; கத்தி விழவில்லை. அவன் ஒன்றையும் காதில் வாங்காமல், வீறாப்போடு தன் பெருங்கத்தியை இடையிற் செருகிக்கொண்டு தூணருகே போய் நின்றான்.

"சோப்புத் தண்ணியில கையை நல்லா முக்குங்க, தம்பி" என்று சொல்லியவாறே நுரைக்காரர் கயிற்றை முடிந்தார்.

கண்ணை மூடி அவன் வீரமாய் உருவியதுதான் தாமதம்! முதுகின் பற்கள், தன் திருமணத்திற்கென அவனே தைத்த சட்டையைக் கவ்வி விலாவிலிருந்து அக்குள்வரை கிழித்தன. மெருகேறிய பிடி நுரைக்கையினின்று நழுவ, கத்தி தரையிற் பாய்ந்து நின்றது. நுரைக்காரர் துள்ளி முக்காலிமேல் ஏறிவிட்டார்.

"கயித்துக்கு ஒண்ணும் ஆகல, தம்பி! சட்டைதான் போயிடுச்சு!"

சிரிப்படங்கியபின் அவிழ்க்கப் பார்த்தால், அவன் திமிறியதில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. மனைவி நுரையிற் கை நனைத்தாள், கண்களை மூடினாள்.

"அசையாம நில்லுங்க."

"அடியே, கண்ணைத் திறந்துக்கோ!"

"ஆத்துக்குள்ள கலங்கல்ல கண்ணு எங்கங்க தெரியும்?"

மொட்டைமுனை அவன் வயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையே வழுக்கி நுழைந்தது. குளிர்ச்சி ஒன்றையே அவன் உணர்ந்தான். கீறல் இல்லை, நடுக்கம் இல்லை. இரண்டே இழுப்பில் கயிறு அற்று விழ, கத்தி தானறிந்த வழியே உறைக்குள் அமர்ந்தது. பல நாளாய்ப் பெருவெள்ளத்தையே மனக்கண்ணில் கண்டு வெருண்டவன், அவளது கையை அன்றுதான் கண்டான். கண்டவுடன் அச்சமெல்லாம் பெருமிதமாய்ப் பொங்க, வாய்விட்டுச் சிரித்தான்.

"படகு எப்போ கிளம்பும்?"

"சாயங்காலம்."

"அதுக்குள்ள உறைக்கு ஒரு பட்டை தைச்சுத் தரேன். இடுப்புல ஆடாம நிக்கணும். கரை வரைக்கும் நானும் வரேன்."

"கிழிஞ்ச சட்டையோடவா?"

"ஆமா. கேக்கிறவங்ககிட்ட எல்லாம் என் பொண்டாட்டி கை எப்படின்னு சொல்லணும்ல!"

அன்பு முதலிற் கட்டிவைக்கவே துடிக்கும். அஃது அதன் இயல்பு. ஆயினும் அந்திப்பொன் படர்ந்த ஆற்றில் அவளது படகு நடுநீரை எட்டியபோது, கரையில் நின்றோர் எல்லாரினும் உரக்க, விலாவிற் காற்றுப் புகுந்த சட்டையோடு, முழங்கால் நீருள் இறங்கி நின்று கூவிக் கையசைத்தவன் அந்தத் தையற்காரனே ஆவான்.