சந்துப் பக்கம் ஒரு வாசல்

“இந்த வழியை அடைச்சிடணும்” என்று அதிகாரி அம்மா பேனாவை நீட்டிக் காட்டியபோது நான் அந்த வழியில்தான் நின்றுகொண்டிருந்தேன், துவைக்கப் போட்ட துணியையெல்லாம் கையில் அள்ளிக்கொண்டு. என்னையும் சேர்த்து அடைக்கச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. நகர்ந்து நின்றேன். அவர் குனிந்து, எங்கள் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருந்த நிலைப்படியை ஏதோ குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தின்பண்டம் செய்து விற்கிற இடத்துக்கும் ஆள் குடியிருக்கிற இடத்துக்கும் நடுவில் வழி இருக்கக் கூடாதாம். விற்கிறவர்களுக்குத் தனி இடம், தனி வாசல். புதுச் சட்டம். எங்கள் வீட்டில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. தெருவைப் பார்த்த முன்னறையில் அண்ணனும் அண்ணியும். அதற்குப் பின்னால் சமையலறை. சமையலறையைக் கடந்து போனால் ஒரு சின்ன அறை, அது எனக்கு. புருஷன் வீடு போதுமென்று நான் திரும்பி வந்தபோது, ஒரு கேள்வி கேட்காமல் மளிகைச் சாமான்களை நகர்த்திவிட்டு அண்ணி ஒழித்துக் கொடுத்த அறை. அதனால் காலையில் தலைவிரி கோலமாக நான் வெளியே வந்தால் நேராக அண்ணியின் மாவுப் பலகைக்கு முன்னால்தான் வந்து நிற்பேன். அதிகாரி அம்மா அதையும் கவனித்தார். என் தலையையும் கவனித்தார். எழுதிக்கொண்டார்.

“அடுத்த வாரம் இதே நாள் காலையில வருவேன். வழியை அடைச்சு, தனி வாசல் வச்சிருந்தா லைசென்ஸ். இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

அவர் தலை மறைந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள். “பன்னு திங்கிறவங்க, இவ எந்த வாசல் வழியா அடுப்படிக்குப் போனான்னு பாத்துட்டா திங்கிறாங்க?” என்று மாவைப் பலகையில் அறைந்தாள். அண்ணியின் கோபமெல்லாம் மாவுக்குத்தான் போகும். அதனால்தானோ என்னவோ அவள் பன் அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஆனால் விஷயம் சிரிக்கிறமாதிரி இல்லை. டீக்கடைகளும் பள்ளிக்கூடக் கேன்டீனும் லைசென்ஸ் இல்லாதவர்களிடம் இனி சரக்கு எடுக்க முடியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அண்ணியின் ஓவன் அணைந்தால் எங்கள் மூன்று பேர் வயிறும் காய்ந்த மாதிரிதான்.

ஏனென்றால் அண்ணன் சும்மா இருந்தான். அண்ணன் கொத்தனார். சிமெண்டுக்கும் கம்பிக்கும் வரியை ஏற்றினார்கள். ஏற்றியவர்களுக்கு அது ஒரு வரிச் செய்தி. வீடு கட்ட ஆசைப்பட்டவர்கள் எல்லாம் ஆசையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். பாதி எழும்பிய வீடுகள் பாதியிலேயே நின்றன. அண்ணன் காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் முன்னறையில் உட்காருவான். அண்ணி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறோம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டான். அண்ணியும் முதல் தடவையே நிறையப் போட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள் என்று நினைப்பு. பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அன்று சாயங்காலம் சமையலறையில் டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் அண்ணன் சந்துப் பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். காதை வைத்துக் கேட்டுவிட்டு இன்னோர் இடத்தில் தட்டினான். வைத்தியர் முதுகைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

“இந்த இடத்துல வாசலை எடுக்கலாம். இங்க எடுக்கிற செங்கல்லையே அந்த வழியில வச்சு அடைச்சிடலாம். அந்த நிலையையும் கதவையும் பேத்துக் கொண்டாந்து இங்க நிறுத்திடலாம். கொல்லையில ஒரு கல்பலகை கெடக்கு, வாசலுக்கு மேல போட. சிமெண்டு மட்டும் கொஞ்சம் வாங்கினா போதும்” என்றான்.

“கூலி?” என்றாள் அண்ணி.

“ரெண்டு சித்தாளு இருக்கீங்களே, உங்களுக்கு நான்தான் கூலி குடுக்கணும்.”

அண்ணன் கேலி பேசி எத்தனை நாள் ஆகிவிட்டது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சித்தாள் வேலைக்குத் துணியை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். தூசியில் பன் சுட முடியாது; சுடாமல் இருக்கவும் முடியாது. கேன்டீனுக்குக் கடைசி வாரச் சரக்கு கொடுத்தாக வேண்டும். அதனால் வேலை முடிகிறவரை ஓவன் முன்னறையில் இருக்கட்டும் என்று அண்ணி முடிவு செய்தாள். மூடிய பேக்கரி ஒன்றிலிருந்து பழசாக வாங்கிய இரண்டு தட்டு இரும்பு ஓவன் அது. எதிர்வீட்டு டிரைவரையும் அவர் தம்பியையும் கூப்பிட்டு, அண்ணன் நிலையைப் பெயர்த்து எடுத்த கையோடு, அந்த அகலமான ஓட்டை வழியாகத் தள்ளிக்கொண்டுவந்து தெருப்பக்க ஜன்னலுக்கு அருகில் நிறுத்தினோம். அண்ணனும் அண்ணியும் என் அறையில் படுத்துக்கொண்டார்கள். நான் ஓவனுக்குத் துணையாக முன்னறையில்.

அந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். அண்ணன் ஒவ்வொரு செங்கல்லையும் உடையாமல் சுரண்டி எடுத்துக் கொடுப்பான். நான் பழைய காரையைத் தட்டிச் சுத்தம் செய்து அடுக்குவேன். அண்ணி மாவு உப்புகிற நேரத்தில் ஓடிவந்து கலவை போடுவாள். சிமெண்டை அவன் ஏதோ நெய்போல அளந்து அளந்து எடுத்தான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு கண்ணை மூடி, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான். சந்துப் பக்கம் நிலை நின்றது. அதன் மேல் கல்பலகை ஏறியது. பிறகு உள்வழியில் சுவர் எழும்ப எழும்ப அண்ணியின் முகம் இடுப்பளவு, கழுத்தளவு என்று மறைந்துகொண்டே போனது. “ஐயோ, என் பொண்டாட்டியைக் காணோம்” என்றான் அண்ணன் இந்தப் பக்கமிருந்து. “நிம்மதி” என்றாள் அண்ணி அந்தப் பக்கமிருந்து. அப்புறம் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இதற்கிடையில் முன்னறையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வாசனை தெருவுக்குப் போனது. பின்கட்டில் சுட்டபோது சுவர்களுக்குத்தான் அந்த வாசனை தெரியும். இப்போது பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். “சூடா இருக்கா? ரெண்டு குடுங்க” என்றார்கள். ஜன்னல் கம்பிக்கு நடுவில் கொடுத்தோம். கேன்டீன் தட்டுக்குக் குறைகிறதே என்று நான் முனகினேன். அண்ணி மட்டும் அடுத்த நாள் மாவைக் கூடுதலாகப் பிசைந்தாள்.

அதிகாரி அம்மா வருவதற்கு முந்தின நாள் மதியம் பூச்சு முடிந்தது. அண்ணன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, சுவரைத் தடவிப் பார்த்தான். இங்கே ஒரு வழி இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு நேர்த்தி.

“சரி, ஓவனைத் தூக்கி உள்ள வச்சிடலாம். அவங்களைக் கூப்பிடு” என்றாள் அண்ணி.

நான் டிரைவர் வீட்டுக்குப் போக இரண்டடி வைத்திருப்பேன். “இரு” என்றான் அண்ணன். திரும்பினேன். அண்ணன் ஓவனைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். ஓடிப்போய் சந்துப் பக்கத்து நிலையை டேப்பால் அளந்தான். திரும்பி வந்து ஓவனை அளந்தான். இன்னொரு தடவை அளந்தால் சுருங்கிவிடும் என்பதுபோல் மறுபடி அளந்தான். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஓவன் நிலைக்குள் நுழையாது. வாங்கி வந்த அன்றைக்கும் நுழையவில்லை. இதே நிலையைப் பெயர்த்துத்தான் சமையலறைக்குள் ஏற்றினோம். பெயர்த்தவன் அண்ணன். பிடித்துக்கொண்டவள் நான். விளக்கு காட்டியவள் அண்ணி. மூன்று பேரும் சேர்ந்து மறந்திருக்கிறோம். ஊரில் எத்தனையோ வீடு கட்டியவன், சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டியின் அடுப்பை வெளியே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டான்.

“இடிச்சிடறேன். காலைக்குள்ள இடிச்சு, உள்ள தள்ளிட்டு, திரும்பக் கட்டிடறேன்.” சுத்தியலை எடுத்துவிட்டான். காலைக்குள் முடியாது என்று அவனுக்கும் தெரியும், சிமெண்டும் தீர்ந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். சந்து நிலையைப் பெயர்த்தால் மேலே போட்ட கல் இறங்கிவிடும். கிடைக்காமல் கிடைத்த வேலையிலும் தோற்றுவிட்டோம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணி அவன் கையைப் பிடித்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இரண்டு பேர் நின்று, “இன்னிக்கு ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டார்கள்.

“என்னங்க, அவங்க என்ன சொன்னாங்க? வீட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவுல வழி இருக்கக் கூடாது. தனி வாசல் இருக்கணும். அவ்வளவுதானே?”

“அதான் ஓவன் வீட்டுக்குள்ள நிக்குதே!”

“நிக்கட்டும். நாம வெளிய போயிடலாம்.”

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது; கத்திவிட்டேன். சமையலறையும் சின்ன அறையும் கொல்லையும் குளியலறையும் அந்தப் பக்கம். அதற்குச் சந்தில் வாசல் இருக்கிறது. அதுதான் வீடு. தெருவைப் பார்த்த இந்த அறைதான் அடுப்படி. சட்டம் சுவரைத்தானே கேட்டது? சுவரின் எந்தப் பக்கம் யார் என்று கேட்கவில்லையே!

“இடம் பத்தாதே. மூணு பேரு அங்க எப்படி?” என்றான் அண்ணன்.

“இடிச்சு இடிச்சுப் படுத்துக்கலாம். இவ்வளவு நாள் தெருவைப் பாத்த அறையில நாம படுத்துக் கெடந்து என்னத்தைக் கண்டோம்? பன்னு பாக்கட்டும் தெருவை.”

அதற்கப்புறம் ஒரே ஊர்வலம். கட்டில், மெத்தை, பெட்டி, அண்ணனின் சட்டைகள், கல்யாணப் போட்டோ எல்லாம் முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, மூலை திரும்பி, சந்துக்குள் போயின. தெருவே கேட்டது, “வீடு மாத்துறீங்களா?” என்று. “ஆமா, எங்க வீட்டுக்கே” என்றேன். இரும்பு பீரோ மட்டும் சந்து வாசலில் நுழையவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்தத் தடவை சிரித்துவிட்டோம். அதைத் துடைத்துக் கழுவி மாவுக்கும் சர்க்கரைக்கும் ஒதுக்கினாள் அண்ணி. எதிர்வீட்டு டிரைவர் வாசல் குழாயிலிருந்து ஒரு பைப்பை இழுத்துக் கைகழுவத் தொட்டி வைத்துக் கொடுத்தார். இருட்டுவதற்குள் முன்னறை பளிச்சென்று இருந்தது. வீடு மூச்சுமுட்ட நிறைந்திருந்தது.

மறுநாள் அதிகாரி அம்மா சொன்னபடியே வந்தார். நேராகச் சந்துக்குள் போய், புது வாசலில் தலையை நீட்டியவர், கட்டிலில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“அடுப்படி எங்கம்மா?”

“வாங்க, கடைக்குப் போகலாம்” என்று அண்ணி அவரை மூலை சுற்றிக் கூட்டிவந்தாள்.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். தொட்டி, பீரோ, ஓவன், கூரை. பிறகு சுவரிடம் போய், கையால் தடவி, விரல்முட்டியால் தட்டினார். “இங்கதானே வழி இருந்துச்சு?” என்றார். பின்னாலேயே வந்துவிட்ட அண்ணன், “இருந்துச்சுங்க” என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு சொல்லில் அவனுடைய அத்தனை வருஷத்துத் தொழில் இருந்தது. “நல்லா அடைச்சிருக்கீங்க” என்று அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அண்ணன் காது சிவந்துவிட்டது.

“போன தடவை அடுப்படி பின்னால இருந்துச்சேம்மா.”

“நீங்க சுவர் கேட்டீங்க, வாசல் கேட்டீங்க. ரெண்டும் வச்சோம். அப்புறம் நாங்க எந்தப் பக்கம் இருக்கலாம்னு யோசிச்சோம்” என்றாள் அண்ணி.

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே நிறுத்தினார். “ஒண்ணு சொல்லிடறேன். தெருப்பக்கம் வியாபாரம்னா இந்த அறைக்கு இனிமே வீட்டு வரி கெடையாது. கடை வரி. கூடத்தான் வரும். அப்புறம் சொல்லலியேன்னு நெனைக்காதீங்க.”

அண்ணன் முகம் சுண்டிப்போனது. வரி என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. நானும் மனசுக்குள் பொருமினேன். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறார்களே.

அண்ணி மட்டும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். “கடை வரியா?”

“ஆமாம்மா.”

“அப்ப இது கடைன்னு கவர்மெண்டே சொல்லுது.”

“சட்டப்படி கடைதான்.”

“நல்லா அழுத்தி எழுதுங்கம்மா” என்றாள் அண்ணி.

இத்தனை வருஷம் அவள் செய்ததை எல்லோரும் ‘வீட்ல ஏதோ பன்னு சுடறா’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வரி வலிக்கத்தான் போகிறது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மா எழுதி முடிக்கிறவரை அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

செய்தி தெருத்தெருவாகப் பரவியது. வீட்டில் தின்பண்டம் செய்கிற பெண்களுக்கெல்லாம் அதே சட்டம்தானே. புதுச் செங்கல் வாங்காமல், ஒரு சுவரில் எடுத்து இன்னொரு சுவரில் வைக்கிற கொத்தனார் யார் என்று தேடிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் காலையில் குளித்து, சட்டை போட்டு, கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கிளம்பும்போது நான் ஒன்று மட்டும் நினைவூட்டுவேன்: “அண்ணா, அடுப்பு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்துட்டுக் கட்டு.” அவன் முறைத்துவிட்டுப் போவான்.

இன்றைக்கு மதியம் ஓவனை அணைத்துவிட்டு நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முகம் கழுவினாள். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தாள்.

“எங்க கெளம்பிட்டீங்க அண்ணி?”

“வீட்டுக்குப் போயி சாப்பிட்டு வரேன். கடையப் பாத்துக்க.”

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையை வீசி, மூலையைத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில், அண்ணன் பூசிய சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.