அம்மா இருக்கப் போகிற இடம்

காலையில் வாசல் கதவருகே அம்மா தயாராக நின்றுகொண்டிருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். தோளில் கைப்பை தொங்கியது. உடம்பில் இரவு உடுப்பு. ஒரு காலில் மருமகளின் செருப்பு, இன்னொரு காலில் மகனுடையது.

"கதவைத் தெறங்க. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. நான் போனாத்தான் எனக்கு முன்னாடி இருக்கிறவ எழுந்திரிக்க முடியும்."

அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்க்காரரோடு பேச வேண்டுமென்றால் இப்படிப்பட்ட ஒருத்தியின் கைவழியாகத்தான் பேச முடியும் என்றிருந்த காலம் அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையின் துளைகளில் கம்பிகளைச் செருகுவதும் உருவுவதுமாகவே அவளுடைய இளமை போயிற்று. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பிறகு மறதி நோய் வந்தது. மகனின் பெயரைக் கொண்டுபோனது, வீட்டுக்கு வழியைக் கொண்டுபோனது, சாப்பிட்டோமா இல்லையா என்பதையும் கொண்டுபோனது. அந்த வேலையை மட்டும் தொடாமல் விட்டுவைத்திருந்தது.

மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு கையில் திருத்திய பரீட்சைத் தாள்கள், மறு கையில் மாமியாரின் சரியான செருப்பு. "அத்தை, இன்னைக்கு உங்களுக்கு லீவு," என்றாள். நேற்றும் அதையேதான் சொல்லியிருந்தாள். 

மகன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடை திறக்க நேரமாகியும் கிளம்ப முடியாமல் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள், மற்றவர்கள் சொல்லாமல் போனார்கள்.

அன்று மதியம்தான் அது நடந்தது. புதிதாக வந்த பெண் குளியலறைக்குப் போன இடைவெளியில் அம்மா வெளியே இறங்கிவிட்டாள். நெடுஞ்சாலையின் நடுவில் நின்று, பிரேக் போட்டு நின்ற லாரிக்காரரிடம், "லைன்ல இருங்க, லைன்ல இருங்க," என்று கையைக் காட்டியிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். திட்டாமல் இறங்கி, கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்து, கைப்பையிலிருந்த, வீட்டு நம்பர் எழுதிய அட்டையைப் பார்த்து ஃபோன் செய்தார்.

அன்றைக்கே முடிவாயிற்று. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் சேர்ப்பதென்று.

முடிவெடுப்பது சுலபம், பெரியம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். அம்மாவின் அக்கா அவர். வயது எண்பதைத் தாண்டியும் நாக்குக்கு ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்காதவர்.

"பெத்தவளைக் கொண்டுபோய் எங்கேயோ தள்ளப் போறியாடா? ஊர்ல நாலு பேர் கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடைக்காரருக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. யாரும் ஒரு குறை சொல்ல முடியாத இடமாகப் பார்க்க வேண்டும் என்று அன்றே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அப்படி ஓர் இடம் கிடைத்தது. உள்ளே நுழைந்ததும் அவர் கண் தரையில்தான் போய் விழுந்தது, தொழில் புத்தி. இத்தாலியப் பளிங்கு. இணைப்புக் கோடே தெரியாமல் பதித்திருந்தார்கள். சுவரோரம் ஆள் உயர மீன்தொட்டி, மூலையில் பெரிய பியானோ. பெண் மேலாளர் ஒருவர், மாதிரிக்கென்று வைத்திருந்த அறை ஒன்றைத் திறந்து காட்டினார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. 

கடைக்காரர் ஏசி உண்டா, டிவி எத்தனை அங்குலம், ஜன்னல் தோட்டப் பக்கம் பார்க்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "உண்டு சார்" என்று பதில் வந்தது.

ஆசிரியை கேட்டது வேறு. "அத்தை உக்கார மாட்டாங்க, நடந்துக்கிட்டே இருப்பாங்க. திடீர்னு வேலைக்குப் போகணும்னு பிடிவாதம் பிடிப்பாங்க. அப்ப என்ன செய்வீங்க?"

"அதெல்லாம் நாங்க பார்த்துப்போம், மேடம்."

"இல்ல, எப்படிப் பார்த்துப்பீங்க? எல்லாரும் இருக்கிற கூடத்தை ஒரு தடவை பார்க்கலாமா?"

"மத்தவங்களோட தனிமைன்னு ஒண்ணு இருக்கு, இல்லையா மேடம்?" மேலாளர் சிரித்தார். கடைக்காரர் மனைவியின் முழங்கையை லேசாகத் தொட்டார். இவ்வளவு பெரிய இடத்தில் வந்து சந்தைக்கடையில் கத்தரிக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்ப்பதுபோல் கேட்கிறாளே என்று அவருக்குக் கூச்சம்.

அம்மாவைச் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால், பார்வையாளர் அறைக்கு அம்மாவைக் கூட்டிவருவார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டு, தலை சீவி, சக்கர நாற்காலியில் வைத்து. முதல் தடவை பார்த்தபோது, "நல்லா நடப்பாங்களே, எதுக்கு நாற்காலி?" என்று ஆசிரியை கேட்டாள். "பாதுகாப்புக்கு மேடம். விழுந்துட்டா கஷ்டம் பாருங்க," என்றார்கள். மறுக்க முடியாத பதில்.

அம்மா பேசவில்லை. ஷிஃப்ட் என்று கேட்கவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. "ரொம்ப அமைதி ஆயிட்டாங்க சார். செட்டில் ஆயிட்டாங்க," என்றார் மேலாளர். அந்த அமைதியைக் கடைக்காரர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். வீட்டில் அப்படியோர் அமைதிக்காக அவர் எத்தனை காலம் ஏங்கியிருக்கிறார்! 

பெரியம்மாவும் ஒருமுறை வந்து பார்த்தார். மீன்தொட்டியையும் பியானோவையும் சுற்றிச் சுற்றி வந்தார். "ராஜ வாழ்க்கைடா. என் தங்கச்சி குடுத்து வெச்சவ," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரருக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஆசிரியை மட்டும் வெளியே பார்த்தபடியே வந்தாள். "என்ன?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லங்க. அத்தை உதடு வெடிச்சிருந்துச்சு," என்றாள்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் அதே இல்லத்திலிருந்து கடைக்கு ஃபோன் வந்தது. கட்டடப் பராமரிப்புப் பார்க்கிறவர், மேல்மாடிக் குளியலறைகளுக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டும், அளவெடுத்துப் போங்கள் என்றார். கடைக்காரரின் அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரரும் சொல்லவில்லை. அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்பக்கப் படிக்கட்டு.

பளிங்கு கீழ்த்தளத்தோடு முடிந்துபோயிருந்தது. மேலே ஏறினால் பழைய சிமெண்டுத் தரை, மூத்திர வாடை, அதை அமுக்கத் தெளித்த மருந்தின் நெடி. நீளமான ஒரு கூடம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பலகை ஒன்று பூட்டப்பட்டிருந்தது. குழந்தைகளை உட்கார வைக்கும் நாற்காலியில் இருக்குமே, அதுபோல. எழுந்திரிக்க முடியாது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருமே வயதானவர்கள், எல்லாருடைய தலையும் தொங்கிக் கிடந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். பலகைகள் மேல் தட்டுகள் இருந்தன. ஒரே ஒரு பணிப்பெண் ஒருவருக்கு வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் அடுத்தவரிடம் வருவதற்குள் இன்னொருத்தி தள்ளுவண்டியோடு வந்து, தொடாத தட்டுகளைத் தொடாதபடியே எடுத்து அடுக்கிக்கொண்டு போனாள்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்தது அம்மா என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பவுடர் இல்லாமல், வாராத தலையோடு அவளை அங்கே அவர் பார்த்ததே இல்லை.

"அந்தம்மாவா?" அவர் பார்ப்பதைக் கண்ட பணிப்பெண், அவரை வெறும் டைல்ஸ்காரர் என்றே நினைத்துப் பேசினாள். "வந்த புதுசுல ஓயாம நடக்கும், ஃபோன் பேசுற மாதிரியே பேசிக்கிட்டு இருக்கும். இப்ப மருந்து குடுத்து அடக்கி வெச்சிருக்காங்க. என்னண்ணே பண்றது, இத்தனை பேருக்கும் நான் ஒருத்தி. எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே?" அவள் குரலில் திமிர் இல்லை, களைப்புதான் இருந்தது.

கடைக்காரர் அம்மாவின் முன்னால் மண்டியிட்டார். "அம்மா," என்றார். அசைவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தொலைபேசி நிலையத்தைக் கூப்பிடுகிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று சின்ன வயசில் அம்மா சொல்லிக் கேட்டதை அவரே சொன்னார். "ஹலோ... எக்ஸ்சேஞ்சுங்களா? ஒரு கால் போடணும்."

அம்மாவின் உதடு அசைந்தது. நாக்கு எழவில்லை. ஆனால் பலகையின் மேல் கிடந்த வலது கை மெல்ல நகர்ந்து, இரண்டு விரல் சேர்ந்து, இல்லாத கம்பியை இல்லாத துளையில் செருகப் பார்த்தது. பாதியிலேயே துவண்டு விழுந்தது.

கடைக்காரர் அங்கேயே தேம்பி அழுதார்.

அம்மாவை அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்தார். மேலாளர் ஏதேதோ விளக்கம் சொன்னார், அவர் காதில் ஏறவில்லை. நரம்பியல் மருத்துவர் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இந்த மருந்து சிலருக்கு, சில சமயத்துல தேவைப்படும். தப்பு சொல்ல மாட்டேன். ஆனா நோயாளிக்குத் தேவைன்னா குடுக்கணும். ஆள் பத்தலைங்கிறதுக்காகக் குடுக்கக் கூடாது," என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆசிரியை நீண்ட விடுப்புப் போட்டாள். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விடுப்பு முடிகிற நாள் வரத்தான் செய்தது. மறுபடி இடம் தேட வேண்டும். இந்த முறை ஆசிரியை முன்னால் நடந்தாள், அவர் பின்னால் போனார். சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். அதுவும் சாப்பாட்டு நேரத்தில். ஓர் இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இன்னோர் இடத்தில் உள்ளே விட்டார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் யாரும் ஒருவரைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கட்டில் நாலு", "ஜன்னலோரம்" என்றுதான் கூப்பிட்டார்கள். 

கடைசியாகப் போன இடம் ஒரு பழைய வீடு. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. நுழைவாயிலில் விரிசல் விட்ட டைல் ஒன்றைப் பார்த்ததுமே, பெரியம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்ற யோசனை கடைக்காரருக்கு வந்தது. உள்ளே ஒரே சத்தம். ஒரு பெரியவர் கூடத்துக்கும் தோட்டத்துக்குமாகப் போவதும் வருவதுமாக இருந்தார், யாரும் தடுக்கவில்லை. மேஜையருகே ஒரு பையன் முதியவள் ஒருத்தியின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தான். விழுங்கினாளா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டியை எடுத்தான்.

தலைமைத் தாதி அவர்களை உட்கார வைத்து, எதையும் காட்டுவதற்கு முன் கேட்க ஆரம்பித்தார். அம்மாவை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்? டீ சூடாக வேண்டுமா, ஆறி வேண்டுமா? எதைக் கண்டால் பயம்? என்ன வேலை பார்த்தார்கள்? சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஓர் ஆர்வம்.

"டெலிபோன் ஆபரேட்டரா? அப்ப எங்க பழைய ஃபோன் ஒண்ணு சும்மா கிடக்கு, எடுத்து வெச்சிடலாம்."

"விழாம பார்த்துப்பீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"விழவே மாட்டாங்கன்னு சொன்னா அது பொய். நடக்கிறவங்க ஒருநாள் விழவும் செய்வாங்க. விழுந்தா உடனே உங்களுக்குச் சொல்வோம், மறைக்க மாட்டோம். கட்டி உக்கார வெச்சா எங்களுக்கு வேலை மிச்சம்தான். ஆனா அவங்களுக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க?"

அம்மா அங்கே சேர்ந்தாள். எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. துணி மாறிப்போகும். ஒருநாள் யாருடைய ஸ்வெட்டரையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை தோட்டத்தில் தடுக்கி விழுந்து முழங்கை சிராய்த்தது. அவர்கள் சொன்னபடியே உடனே ஃபோன் வந்தது. எந்த நேரம் போனாலும் கதவு திறந்தது. அம்மாவின் பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. மகன் பெயர் வரவில்லை, அது இனி வராது.

பெரியம்மா பார்க்க வந்தார். உரிந்த சுவரைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. "என்னடா இது, சத்திரம் மாதிரி? அந்த இடம் எப்படிப் பளபளன்னு இருந்துச்சு! கெட்டிக்காரன்னு நெனச்சேனே உன்னை."

கூடத்தில் அம்மா பழைய ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்தது. "காத்திருக்கீங்களா? உக்காருங்க. லைன் பிஸியா இருக்கு, கிடைச்சதும் குடுக்கிறேன்."

தங்கையின் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இருவரும் லைனுக்காகக் காத்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "அங்க இவ வாயே தெறக்கலையேடா. இதை அப்பவே பார்த்துச் சேர்த்திருக்கலாம்ல?"

கடைக்காரர் சொன்னார்.

"பெரியம்மா, அப்ப நான் தரையைப் பார்த்தேன், மீன்தொட்டியைப் பார்த்தேன். அங்க இருக்கிறவங்க மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. சாப்பாட்டு நேரத்துல சொல்லாமப் போய் நின்னிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும். யாரு ஊட்டுறாங்க, எப்படிக் கூப்பிடுறாங்க, எதுக்கு மருந்து குடுக்கிறாங்கன்னு வாயைத் தெறந்து கேட்டிருக்கணும். கேட்டவளையும் நான் தடுத்தேன். ஏன்னா, நீங்க வந்து பார்த்தா என்ன சொல்வீங்க, ஊர் என்ன சொல்லும், அதுதான் எனக்குப் பெருசா இருந்துச்சு. அந்த இடத்தை நான் உங்களுக்காகத் தேடினேன். இதை அம்மாவுக்காகத் தேடினேன்."