ஆறிய தொட்டி

ஆய்வகத்தில் அவள் எஃகுத் தகட்டை மூன்றாவது முறையாகத் தராசில் வைத்தாள். மூன்று முறையும் அதே குறைந்த எடைதான். அம்மைத் தழும்புபோல் தகடு முழுக்க அமிலம் அரித்திருந்தது.

இரண்டு வருட உழைப்பு. பப்பாளி இலையை உலர்த்திக் காய்ச்சி வடித்த சாற்றை அமிலத்தில் கலந்தால், அது எஃகின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அமிலம் துருவைத் தின்னும், எஃகைத் தொடாது. சாதாரணச் சூட்டில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அவள் அண்ணன் வேலை செய்யும் கம்பி ஆலையில் துரு நீக்கும் அமிலத் தொட்டி அறுபது டிகிரி. அந்தச் சூட்டில் படலம் கழன்றுவிட்டது.

அண்ணனுக்காகத்தான் அவள் இதில் இறங்கியதே. ஆலையில் எஃகைக் காக்க ஊற்றும் நச்சு மருந்தால் அவர் கைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. சட்டைப் பொத்தானை அண்ணிதான் மாட்டிவிட வேண்டும்.

"சூட்டுல வந்த கணக்க விட்டுடும்மா. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஆய்வகத் தலைவர்.

"அமிலம் என்ன என் கட்டுரையப் படிச்சுட்டா சார் அரிக்கப்போகுது?" என்றவள், உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அறுபது டிகிரியில் சாறு தோற்றதைச் சொன்னாள்.

"தொட்டிய ஏன் சூடு பண்றோம்னு நினைக்கிற? எல்லாம் அவசரம். பத்து நிமிஷத்துல துரு போகணும்" என்றார் அண்ணன்.

"ஆறின தொட்டின்னா?"

"முக்கால் மணி நேரம். போனா என்ன, குடியா முழுகிடும்?"

மறுநாளிலிருந்து மேலாளரை விடாமல் நச்சரித்தார். நான்காம் வாரம் மனிதர் இறங்கிவந்தார்: மூன்று தொட்டிகளில் ஒன்று மட்டும் ஆறட்டும், இலைச்சாறு ஊற்றிப் பார்க்கலாம்.

முதல் நாள் சாற்றோடு போனவள் திகைத்தாள். அந்தத் தொட்டியருகே நின்றது வேறொரு பெண். அண்ணன் பழைய தொட்டியிலேயே கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்குன்னுதானே அண்ணா இவ்வளவும் செஞ்சேன்!"

"அந்தம்மாவுக்கு இப்பத்தான் கை வெடிக்க ஆரம்பிச்சிருக்கு. தப்பிச்சுக்கும். எனக்கு முத்திப்போச்சு, போ."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவேயில்லை.

மூன்று மாதத்தில் அந்தப் பெண்ணின் கையில் வெடிப்பு ஆறியது, கம்பிகளிலும் பழுதில்லை. அண்ணன் கை அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது தொட்டியை ஆற வைப்பதற்கு மேலாளர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. அவள் அறுபது டிகிரியில் வேறு இலைகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை பதினொன்று தோற்றிருக்கின்றன.