கடைசி அணிக்குச் சொல்லவில்லை

நான் பஸ் ஓட்டுகிறவள். என் கணவர் வரலாற்று வாத்தியார். அவருக்கு வாய் மட்டும்தான் ஓடும். அதனால், தோற்றுப்போன ஒரு படை பின்வாங்கிய பாதையில் வேனில் ஒரு வாரம் போய்வரலாம் என்று அவர் சொன்னபோது, யார் ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை.

ஊரில் இருந்தால் சண்டைதான் போடுகிறோம், வெளியே போய் மறுபடியும் ஆரம்பிப்போம் என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவராக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னல்களுக்குத் திரை எல்லாம் பொருத்தினோம். பக்கத்துத் தெருவிலிருக்கும் என் அண்ணன் தினமும் வந்து கைகொடுத்தான். டிப்போவில் லீவுக்காக மேனேஜரிடம் மல்லுக்கு நின்றேன். இந்தக் கல்யாணம் பிழைத்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

போன வழியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. படை தங்கிய இடங்களில் நாங்களும் தங்கினோம். பீரங்கிகள் புதைந்த சேற்றில் இப்போது கார் கழுவுகிறார்கள். அங்கேயும் அவர் பாடம் எடுத்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். கடைசியில் வந்த அணிக்கு மட்டும் பின்வாங்கும் விஷயத்தைச் சொல்லவே இல்லையாம். மற்றவர்கள் ஆற்றைத் தாண்டும்வரை, ஜெயிக்கப்போகிறோம் என்று நினைத்து அவர்கள் நின்று சண்டை போட்டார்களாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நம்பவைத்துக் கழுத்தறுத்திருக்கிறார்கள், பாவிகள் என்றேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது, ஓரத்து டீக்கடையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தான்.

அவர்தான் சொன்னார். அக்கரையில் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிவிட்டாராம். இனிமேல் தனியாகத்தான் இருக்கப்போகிறாராம். திரும்பும்போது எனக்குத் துணை வேண்டுமே என்று அண்ணனை பஸ்ஸில் வரச் சொன்னாராம். பெரிய கரிசனம்தான்.

"இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட. ஒரு வாரமாவது நல்லபடியா இருந்துட்டுப் பிரியலாம்னு நெனச்சேன்."

அந்த வாரம் முழுக்க நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து உடம்பு கூசியது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தில் நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று வெட்கம்கெட்டு நின்றேன். பார்க்கவில்லை.

அண்ணன் வேனில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். வீட்டுக்குப் போகலாம், அண்ணி சமைத்து வைத்திருப்பாள் என்றான். சாவியைப் போட்டேன். பின்னால் தொங்கிய ஜன்னல் திரை கண்ணாடியில் தெரிந்தது.

"இந்தத் திரைக்கெல்லாம் ஜன்னலை நீதானே அளந்து குடுத்த. அப்பவே தெரியுமா உனக்கு?"

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "தெரியும்மா."

வெளிச்சம் பட்டால் மாப்பிள்ளைக்குத் தூக்கம் வராது, கெட்டித் துணியாக எடு என்று அன்றைக்கு யோசனை வேறு சொன்னான். கட்டினவன் விட்டுப்போனதுகூட என்றைக்காவது ஆறும். கூடப்பிறந்தவன் எல்லாம் தெரிந்துகொண்டே அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"இறங்குண்ணா" என்றேன்.