எட்டில் ஒன்று

மூன்றாவது நாளாகக் கொட்டாஞ்சேனைக் கந்தோரில் எல்லாக் கணினித் திரைகளும் உறைந்து நின்றன. கப்பல் சரக்குப் பத்திரங்களை அனுப்பும் பதினாறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, புரோகிராம் எழுதிய சிவானியைப் பார்த்தார்கள்.

“இன்னும் சுத்திட்டே ஈக்குதுடி,” என்றாள் பக்கத்து மேசை ஷபீகா.

“உம்மட புரோகிராம்தான் பிழை,” என்றார் முதலாளி நவரத்தினம். “இண்டைக்குச் சரிவராட்டி லீவும் இல்லை.”

ஆறரைக்கு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ். விடிந்தால் அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன். கூட நிற்க அவளை விட்டால் ஆளில்லை.

மதியம் சாப்பிடாமல் தேடினாள். சேர்வரில் எட்டு பிராசஸர்கள். ஏழு தூங்கின, முதலாவது மட்டும் நூறு வீதத்தில் மூச்சு வாங்கியது. அவளுடைய புரோகிராம் அதில் மூன்று வீதம்கூட எடுக்கவில்லை. மிச்சத்தை விழுங்கியது நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் மணியடிக்க, ஒருத்தனே ஓடி ஓடிக் கதவு திறப்பதைப் போல.

நாலு மணிக்கு டிரைவரின் அமைப்பைத் திறந்தாள். வேலையைப் பங்கிடும் வரிசைகள்: ஒன்று. அவள் அதைத் தொட்டதேயில்லை.

“இதை ஆர் மாத்தினது?”

நவரத்தினம் செருமினார். “திங்கக்கிழமை டெக்னீஷியன் சயந்தன் புதுக் கார்ட் போடேக்க நான்தான் சொன்னனான். எட்டெண்டு கிடந்தது. எண் சாத்திரத்தில எட்டு சனி. ஒண்டு சூரியன், கொம்பனிக்கு நல்லது.”

சிவானிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. “சேர், உள்ளுக்கு எட்டுப் பேர் இருக்கினம். ஒராளைப் போட்டுச் சாகடிக்கிறம்.”

“எட்டு மட்டும் வேண்டாம்.”

“நாலு?”

“ராகு.”

“ரெண்டு?”

அவர் விரல் மடித்து யோசித்தார். “சந்திரன். பாதகமில்லை.”

இரண்டு என்று மாற்றினாள். இணைப்பு ஒருமுறை அறுந்து திரும்பியது. இப்போது இரண்டு பிராசஸர்கள், ஆளுக்கு அறுபது வீதம். மாத முடிவு நெரிசலுக்கு இது போதாது, அவளுக்குத் தெரியும். இன்றைக்குக் காணும்.

“ஓடுதுடி!” என்றாள் ஷபீகா.

“பாத்தீரோ, சந்திரன்!” நவரத்தினம் லீவுத் தாளில் கையெழுத்திட்டார். “அதுசரி, நீர் பிறந்தது எத்தினையாம் திகதி?”

“பதினேழு, சேர்,” என்று பையைத் தோளில் மாட்டினாள்.

அவர் ஒன்றையும் ஏழையும் விரலில் கூட்டத் தொடங்கினார். முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.