ஆதிலா கட்டாத மஞ்சள் துணிகள்

மழைக்கு முதல் அவள் பிளாஸ்டிக் நாடாக்களைத்தான் கட்டியிருந்தாள். குரங்குகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்து, வாயில் போட்டுப் பார்த்து, ருசி பிடிக்காமல் பள்ளத்தில் எறிந்தன. பிறகு ஆதிலா மஞ்சள் பருத்தித் துணி வாங்கிக் கீலம் கீலமாகக் கிழித்து, பாதை பிரியும் இடங்களில் நின்ற மரங்களில் முடிச்சுப் போட்டாள். துணியைக் குரங்குகள் தொடவில்லை. மனிதர்களுக்கு அது இவ்வளவு பிடித்துப்போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

உள்துறைமுகத்தை ஒட்டி எழும்பி நிற்கும் அந்த மூன்று குன்றுகளும் இயற்கை ஒதுக்கம். அதற்குள் யாரும் லேசாக நடந்து போய்வரக்கூடிய ஒரு பாதையை அடையாளம் செய்து தருவது ஆதிலாவின் வேலை. அவளுக்கு அது வேலை மாதிரியே தெரிவதில்லை. பாதையின் வளைவுகளுக்கு அவள் இரகசியமாகப் பெயர் வைத்திருந்தாள். ஒன்று கொட்டாவி வளைவு. ஒன்று, வெயில் வந்து உட்காரும் இடம்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு சில மாதங்கள் அவள் காட்டுப்பக்கம் வரவில்லை. மூதூரில் உம்மா இத்தா இருந்தாள். அறைக்குள்ளேயே வெள்ளை உடுப்போடு, வெளி ஆண்கள் முகம் பாராமல் இருக்க வேண்டிய காலம். அந்தக் காலம் முடிந்தும் உம்மா வெளியே வரவில்லை. அதுதான் ஆதிலாவின் கவலை. பக்கத்துத் தெருவிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகக்கூட, “நாளைக்குப் பாப்பம் மகள்” என்பாள். நாளை வந்ததும் கால் உளைவு வரும், அல்லது அரிசி ஊறப்போட வேண்டியிருக்கும்.

“என்ட பாதைக்கு ஒருக்கா வாங்க உம்மா” என்று ஆதிலா கெஞ்சினாள். “ஏத்தமே இல்ல. அறையிலயிருந்து குசினிக்குப் போற மாதிரி.”

“குசினிக்குப் போறதுக்கு பஸ்ஸில வரணுமா?” என்றாள் உம்மா, அடுப்படியில் நின்றபடி. ஆனாலும் மாசி மாதத்து ஒரு காலையில், ஊதா நிற அபாயா ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்து உதறினாள்.

கிண்ணியாப் பாலத்தால் சுற்றி பஸ்ஸில்தான் வந்தார்கள். லாஞ்சில் வந்திருந்தால் குடாவைக் குறுக்கே கடந்து கெதியாக வந்திருக்கலாம். வாப்பா அபூதாஹிர் அந்த லாஞ்சைத்தான் தன் ஆயுள் முழுக்க ஓட்டினார். லாஞ்சைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

காட்டு வாசலில் டிக்கெட் கொடுக்கும் பூரணி எழும்பி வந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆதிலாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்கட மரங்களுக்கு இப்ப நேர்த்தி வைக்கினம், தெரியுமோ?”

“என்ன?”

“கிளிவெட்டியிலயிருந்து ஒரு வேன் நிறைய ஆக்கள் வந்தவை. மஞ்சள் துணியைக் கண்டதும் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் நடந்தவை. பிறகு வந்தவை தங்கட துணியையும் கட்டிப்போட்டுப் போகினம்.”

“அது பாதைக்குக் கட்டினதெல்லா.”

“அது உங்களுக்குத் தெரியும். மரத்தில மஞ்சள் துணி முடிஞ்சு கிடந்தா எங்கட சனம் வேற என்னத்தை நினைக்கும்? நீங்கள் நீலத்தில கட்டியிருக்கலாம்.”

ஆதிலாவும் சிரித்தாள். அதிகமாகக் கட்டியிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம், பையில்தான் இருக்கிறது என்று நினைத்தாள்.

“மஞ்சள் துணியைப் பாத்து நடந்தாச் சரி உம்மா. வழி தவறவே ஏலாது” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

காடு நனைந்து உலர்ந்துகொண்டிருந்தது. வீரை மரங்களுக்கிடையில் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி நின்றது. எங்கிருந்தோ மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து, அவள் முகத்துக்கு நேரே நெளிந்து, எல்லாம் ஒரே பக்கமாகப் போயின. எங்கே போகின்றன இவை? கடலுக்கு மேலால் போகுமா? நடுக் குடாவில் களைத்தால் எதில் உட்காரும்? ஒரு கப்பலின் கயிற்றில் அவை வரிசையாக உட்கார்ந்திருப்பதையும், நித்திரையால் எழும்பிய மாலுமி ஒருவன் கயிறு பூத்துவிட்டதென்று நம்புவதையும் அவள் கண்டாள். அந்த மாலுமிக்கு ஒரு ஊரும் கொடுத்தாள். கொட்டாவி வளைவு போய், வெயில் உட்காரும் இடமும் வந்துவிட்டது.

“உம்மா, இந்த இடத்துக்கு நான் வச்ச பேர் தெரியுமா?” என்று திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை.

“உம்மா?”

ஒரு குரங்கு கிளை மாறியது. அவ்வளவுதான்.

ஆதிலா வந்த வழியே ஓடினாள். தாமதித்திருப்பாள், செருப்பில் முள் ஏறியிருக்கும் என்று ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தாள். ஒவ்வொரு வளைவும் வெறுமையாக இருந்தது. பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது விளங்கியது. இடப்பக்க மரத்தில் அவள் கட்டிய துணி மழையில் வெளிறித் தொங்கியது. வலப்பக்க மரத்தில் புத்தம் புதிதாக, அதைவிட அகலமாக, மஞ்சள் துணி ஒன்று. அதற்கப்பால் இன்னொன்று. அவளே சொன்னபடி, உம்மா மஞ்சளைப் பார்த்து நடந்திருக்கிறாள்.

வீட்டை விட்டு வெளியே வந்த முதல் நாள். ஆளில்லாத காட்டில் தனியே நின்று இன்று அவள் பயந்துவிட்டால், திரும்பிப் போய்ச் சாத்தும் கதவைப் பிறகு யார் திறப்பது? தன் கனவுப் புத்தியைத் திட்டிக்கொண்டே ஆதிலா வலப்பக்கம் ஏறினாள்.

அந்த ஒற்றையடிப் பாதை அவளுக்குத் தெரியாததல்ல. வேலை தொடங்கிய காலத்தில் ஒருமுறை பாதிவரை வந்து திரும்பியிருந்தாள். அதன் முடிவில் கொட்டியாரக் குடா தெரியும். குடா தெரிந்தால் லாஞ்ச் தெரியும். வாப்பா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார்; லாஞ்சை வேறு யாரோ ஓட்டினார்கள். ஆகவே அவள் துறைமுகத்து வாயும் பெரிய கப்பல்களும் தெரிகிற மற்றப் பக்கத்துக்குத் தன் பாதையைக் கொண்டுபோய்விட்டாள். ஏற்றம் அதிகம் என்று பூரணிக்குச் சொன்ன காரணம் பொய்.

துணிகள் போகப் போகக் கூடின. மஞ்சள் மட்டுமல்ல. சேலைக் கரை ஒன்று. பள்ளிக்கூடத் தலைமயிர் நாடா. ஒரு குழந்தைச் சட்டையின் கை. யாரோ எதையோ கேட்டுக் கட்டிவிட்டு நம்பிக்கையோடு இறங்கிப் போயிருக்கிறார்கள். அவற்றின் நடுவே ஓடுவது, பலர் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருக்கும் அறையொன்றுக்குள் செருப்போடு ஓடுவது மாதிரி இருந்தது. அவளையறியாமல் நடை மெதுவானது.

உச்சியில் கிளை விரித்த ஒரு பாலை மரம். அதன் அடியிலிருந்த பாறையில், செருப்புகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, உம்மா இருந்தாள். மடியில் ரொட்டிப் பொட்டலம் திறந்திருந்தது.

“எங்க புள்ள போன நீ?” என்றாள் உம்மா. “வழி தவறவே ஏலாதெண்டு சொல்லிப்போட்டு நீயே தவறிட்டாய்.”

ஆதிலாவுக்கு மூச்சு வாங்கியது. “நீங்க பயப்படல்லையா?”

“முதல் பயந்தனான். உன்னைக் கூப்பிட்டுப் பாத்தன். பிறகு துணி இருந்திச்சி. இவ்வளவு பேர் போய் வந்த வழியில என்ன பயம்?” தலைக்கு மேலே அசைந்த துணிகளை நிமிர்ந்து பார்த்தாள். “இது எங்கட வழக்கமில்ல. ஆனா வழி காட்டினாங்களெல்லா. இரு. சாப்பிடு.”

ஆதிலா பக்கத்தில் இருந்தாள். கீழே குடா முழுவதும் ஒரே வெள்ளி நிறம். அக்கரையில் மூதூர் ஒரு மெல்லிய பச்சைக் கோடாகக் கிடந்தது. பார்க்கக் கூடாது என்று அவள் இவ்வளவு காலம் ஒதுக்கிவைத்த தண்ணீர் அது. பார்த்தால் தண்ணீராகத்தான் இருந்தது.

அந்த நேரம் லாஞ்ச் வந்தது. இவ்வளவு உயரத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. வெள்ளைப் புள்ளி ஒன்று பின்னால் நூல் விட்டுக்கொண்டு நகர்ந்தது. நடுக் குடாவில் அந்த நூல் பெரிதாக வளைந்து, பிறகு மறுபடி நிமிர்ந்தது.

உம்மா முன்னால் குனிந்து பார்த்தாள்.

“பாத்தியா?” என்றாள். “சுணங்கி வாற நாளெல்லாம் உங்கட வாப்பா என்ன சொல்லுவார்? ‘துறைமுகத்திலயிருந்து நேரா வீட்டுக்குத்தான் வாறன், அசனா.’ நேராவாம். எவ்வளவு பெரிய வளைவு, பாரு.”

அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஆதிலா திரும்பினாள். உம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் கொஞ்சம் நீர் வந்தது. அதை அபாயாவின் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். லாஞ்ச் மூதூர்த் துறைக்குள் மறையும்வரை இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

இறங்கும்போது, பாதை பிரியும் மரத்தடியில் ஆதிலா கத்தரிக்கோலை எடுத்தாள்.

“என்னத்துக்கு?” என்றாள் உம்மா.

“இது பிழையான வழி உம்மா.”

“நான் இதாலதானே போனன்.”

ஆதிலா கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்தாள். மிஞ்சிக் கிடந்த மஞ்சள் கீலம் ஒன்றை எடுத்து, அந்த வலப்பக்க மரத்தில், யாரோ கட்டியிருந்த துணிக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். உம்மா காத்திருக்கவில்லை. முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஊதா நிறம் மரங்களுக்கிடையில் மறைந்தும் தெரிந்தும் போனது. ஆதிலா அதைப் பார்த்தபடி பின்னால் போனாள்.

வாசலில் பூரணி கேட்டாள். “எப்பிடி அன்ரி, லேசா இருந்ததோ?”

“ஏத்தம் இருக்கு மகள். இவள் பொய் சொன்னவள்” என்றாள் உம்மா. செருப்பிலிருந்த மண்ணைப் படியில் தட்டினாள். “மற்றக் குன்றுகளுக்கும் வழி இருக்கா? வெள்ளிக்கிழமைகளில பூட்டுவீங்களோ?”